கூரை ஒழுகவில்லை

செப். 14, ஞாயிறு

காலையிலிருந்து வெயில் இல்லை. நேற்றுத் துவைத்த துணி இன்னும் ஈரம், ஒரு மாதிரி வாடை. குளியலறையில் ஈரத்துணி வாளியோடு வழுக்கி விழுந்த அம்மாவுக்கு முழங்கை இன்னும் சரியாக மடங்கவில்லை. இனித் தள்ளிப்போட முடியாது. துவைக்க, காயவைக்க, மடிக்கத் தனியாக ஒரு அறை.

வேண்டியவை:
– வாஷிங் மெஷின், அதன்மேல் டிரையர்
– ஆழமான சிங்க்
– நின்றபடி துணி மடிக்க உயரமான மேசை
– வழுக்காத டைல்ஸ் (இதை முதலில் எழுதியிருக்க வேண்டும்)

சேகர் அண்ணன் வந்து பார்த்தார். எதிர்வீட்டுச் சமையலறையை இடித்துக் கட்டியவர். குழாய் இருக்கிற பக்கம்தான் அறை வரும் என்றார். இரண்டு இடம் தோது. கீழே, குளியலறையை ஒட்டி, தனிக் கூரை போட்டுப் பின்னால் நீட்டிய பின்னறை. மேலே, குளியலறையை ஒட்டிய என் புத்தக அறை.

"மேலதான் ஈசி தங்கச்சி. எல்லாரும் படுக்கறது மேல, அழுக்குத் துணி சேர்றதும் மேல."

பழைய வீடு, மாடித் தளம் பாரம் தாங்காது என்றேன். சுவர் மறைய நிற்கும் என் அலமாரிகளை அவர் ஒருமுறை பார்த்தார். வீடு உங்களுடையது என்று சொல்லிக் கீழே இறங்கிவிட்டார்.

பின்னறை அண்ணியுடையது. என் அண்ணன் இறந்த பிறகு அங்கேதான் தைக்கிறார். தீபாவளி ப்ளவுஸ்கள் சுவர் நெடுகத் தொங்குகின்றன. அங்கே அளவு டேப் இன்னும் நீண்டு கிடக்கும்போதே பசாரிலிருந்து வந்துவிட்டார்.

"என்ன தேவி, அளக்கறாங்க?"

"கூரை ஒழுகுது அண்ணி. அதான்."

யோசிக்கவே இல்லை. அப்படியே வந்துவிட்டது.

செப். 15, திங்கள்

கொமுட்டர் ரயிலில் பாதி வழி நின்றபடி. வேலைக்குப் பிரிக்பீல்ட்ஸில் இறங்கும்போதே சட்டை கசங்கிவிட்டது.

மதியம் சாப்பிடப் போகாமல் பின்னறைக்குப் பிளான் வரைந்தேன். அழகாக வந்திருக்கிறது. கதவு திறக்கும் வளைவு வரைக்கும் போட்டிருக்கிறேன். தையல் மெஷின் எங்கே போகும் என்று மட்டும் போடவில்லை.

புத்தக அறை முன்பு அண்ணனும் அண்ணியும் இருந்த அறை. அண்ணன் போனபின் அங்கே தூக்கம் வரவில்லை என்று அம்மாவோடு படுக்க வந்தது அண்ணிதான். 'கொஞ்ச நாளைக்கு' என்று புத்தகங்களைக் கொண்டுபோய் வைத்தது நான். இப்படி ஒருத்தி நாவலில் வந்தால் எனக்குப் பிடிக்காது. பென்சிலால் பக்க ஓரத்தில் கோடு கிழித்திருப்பேன்.

மாலை வீட்டுக்கு வந்தால் பின்னறை முழுக்க பிளாஸ்டிக். மெஷின், துணிக் கட்டு, தொங்கும் ப்ளவுஸ்கள், எல்லாவற்றுக்கும் அண்ணி போர்த்தியிருக்கிறார். நடுவில் ஒரு வாளி.

"எந்த எடத்துல சொட்டுது? நான் கவனிக்கவே இல்லயே. எல்லாம் அடுத்தவங்க பட்டுத் துணிலா."

ஒரு மூலையைக் காட்டினேன். வாளியை அங்கே நகர்த்தி வைத்தார்.

செப். 16, செவ்வாய். மலேசியா தின விடுமுறை

பயங்கர மழை. பின்சந்தில் தண்ணீர் ஓடியது. மூன்று தடவை போய்ப் பார்த்தேன், வாளி காய்ந்து கிடக்கிறது. நல்லவேளை இன்றைக்கு ஒழுகவில்லை என்று அண்ணிக்குச் சந்தோஷம்.

மழையிலும் அம்பாங்கிலிருந்து ஓர் ஆன்டி பின் கேட் வழியாக வந்தார். அளவு கொடுக்க.

"போன வருஷ அளவே வச்சிடவா ஆன்டி?"

"வச்சிடு. நான் மூச்சப் புடிச்சிக்கறேன்."

"நாள் பூராவுமா?"

இரண்டு பேரும் சிரித்தது மாடிவரை கேட்டது. இந்த வீட்டில் அண்ணி வாய்விட்டுச் சிரிப்பது அந்த அறையில் மட்டும்தான். ஏன் இத்தனை நாள் எனக்கு உறைக்கவில்லை?

சொல்லிவிடலாம் என்றுதான் இறங்கினேன். அண்ணி தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

செப். 18, வியாழன்

நேற்றிலிருந்து புரட்டாசி. சைவம். வெண்டைக்காய், மறுபடியும் வெண்டைக்காய்.

அம்மா சொன்னது: புரட்டாசியில் சுவரில் கை வைக்கக் கூடாது, ஐப்பசிக்கு நாள் பார்த்தாகிவிட்டது, தீபாவளி கழிந்த புதன்கிழமை.

யார் பார்த்தது என்றேன்.

"ஒங்கண்ணிதான். கேலண்டர்ல அந்தப் பொடி எழுத்து எனக்கு எங்க தெரியுது? செவுரு இடிக்க நல்ல நாளு பாரும்மான்னேன். பாத்துச் சொன்னா." பிறகு, "நீ அவகிட்ட சொல்லிட்டதான?"

கூரை ஒழுகினால் ஆளைக் கூப்பிட்டு அடைப்பார்கள். அதற்கு யாரும் நல்ல நாள் பார்ப்பதில்லை. தன் அறையை இடிப்பதற்குத் தானே நாள் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

ராத்திரி சாப்பாடு அண்ணிதான் பரிமாறினார். ரசம் இன்னும் கொஞ்சம் வேணுமா என்று கேட்டார். பின்னறையில் பிளாஸ்டிக் அப்படியே இருக்கிறது, வாளியும்.

செப். 20, சனி

சொல்லிவிட்டேன்.

அண்ணி ஹூக் வைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றே, கூரை ஒழுகவில்லை, இந்த அறையை எடுக்கத்தான் அளந்தோம் என்றேன். நிமிரவில்லை.

"தெரியும். கேலண்டர் பாத்தப்பவே."

ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்டது அபத்தம். கேட்டேன்.

"நான் எதுக்குக் கேக்கணும்? நீ கேட்டிருக்கணும். ரூம் வேணும் அண்ணின்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னைக்கே காலி பண்ணிக் குடுத்திருப்பேன்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபம். காப்பார் ஊரில் தன் தங்கை வீட்டு முன்னறை சும்மா இருக்கிறதாம், பேசிவிட்டாராம். தீபாவளித் துணியைக் கொடுத்து முடித்ததும் போகிறாராம். போறேன் என்றுதான் சொன்னார். போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை.

மேலேயே கட்டிக்கொள்ளலாம், என் அறையில், என்றேன். பிறகு, "அதுவும் உங்க ரூம்தான் அண்ணி."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"புத்தகத்தயெல்லாம் எங்க வைப்ப?"

நிஜமான அக்கறையோடு கேட்டார். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

செப். 21, ஞாயிறு

காலையிலேயே புத்தகங்களை இறக்க ஆரம்பித்தேன். மளிகைக் கடைப் பெட்டிகள். தூசி, தும்மல். பாதியை ஏன் வாங்கினேன் என்றே தெரியவில்லை. பல நூல்களில் பத்துப் பக்கம் தாண்டவில்லை.

சேகர் அண்ணன் மறுபடி வந்தார். டைல்ஸ் சொல்லிவைக்க வேண்டும், மேலேயா கீழேயா, இப்போதே முடிவு வேண்டும் என்றார்.

மேலே என்றேன். கீழே என்ன ஆயிற்று என்று அம்மா கேட்டார். கீழே அண்ணி தைக்கிறாங்க என்றேன், பின்னறைக்குக் கேட்கிற மாதிரி. மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கேட்டதா தெரியவில்லை. அம்மா என் முகத்தையே பார்த்தார்.

சாயங்காலம் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கும்போது பின் கேட்டில் ஒரு பெண் குரல். தீபாவளி ப்ளவுஸை வாங்கிக்கொண்டு, தைப்பூசத்துக்கும் உங்ககிட்டதான், துணியை இப்பவே கொடுத்துடவா என்று கேட்டார். மெஷின் நின்றது. நானும் பாதிப் படியில் நின்றேன்.

"துணி ஒங்ககிட்டயே இருக்கட்டும்கா. தீபாவளி முடிஞ்சி ஃபோன் பண்ணுங்க. எங்க இருக்கேன்னு சொல்றேன்."

கேட் சாத்துகிற சத்தம். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.