நசுங்கிய தேசிக்காய்

மகனுக்கு,

போனில் நீ கத்துகிறாய், நான் சொல்வதைக் கேட்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

லோறென்ஸ்கூக் வீட்டுக் கராஜில் நீ சேர்த்த ஏழு பழைய மோட்டார் சைக்கிள்களுக்கும் கண்ணூறு படாமலிருக்க நான்தான் சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்தேன். முதல் ஓட்டத்தில் நசுங்க வேண்டிய காய்கள். நீ ஒன்றையும் ஓட்டவில்லை, ஏழும் கல்லாகக் காய்ந்தன. ஞாயிற்றுக்கிழமை அதில் ஒன்று தூளாகிக் கிடந்ததைப் பார்த்துத்தானே, உன் மகள் ஓட்டியதைப் பிடித்தாய்!

"எழுபது வருசச் சாமான், தொடக்கூடாது எண்டு சொன்னனான் எல்லே!"

"ஓடாட்டி அது மோட்டார் சைக்கிள் இல்லை அப்பா, சவம்" என்றாள் சங்கவி. பத்தொன்பது வயதில் அந்த வாய்! எனக்குப் பெருமையாக இருந்தது.

நீ சுவரில் தொங்கிய சங்கிலியை எடுத்தாய். முதல் அடியிலேயே அவள் முழங்கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்த பிறகும் அடித்தாய். தலையிலிருந்து இரத்தம் வந்தது, அப்போதும் அடித்தாய். நான் சுத்தியலால் உன் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியை உடைத்தேன். உடனே பிள்ளையை விட்டுவிட்டு ஓடிவந்து அதைத் தடவினாய்.

பிறகு, "ஓடேக்க விழுந்தவள் எண்டு பொலிசுக்குச் சொல்லுங்கோ அம்மா" என்றாய்.

சங்கவி படுத்திருக்கும் ஆஸ்பத்திரிக்கு இன்று பொலிஸ் வந்தது. மொழிபெயர்க்க வந்த பிள்ளை, "பெத்த தாய் மகனுக்கு எதிராச் சொல்லத் தேவையில்லை அம்மா, சட்டத்தில இடமிருக்கு" என்றாள்.

"நான் சொல்லுறன், நீ அவைக்கு அப்பிடியே சொல்லு பிள்ளை" என்றேன்.

உன்னைப் பெற்றவள்