வண்டிக் கதவில் இருக்கும் எண்

மார்ச் 3, 2019

வண்டி கழுவினேன். விவாகரத்துத் தீர்ப்பில் இரண்டு வண்டிகளும், ஏசி பழுது பார்க்கும் கடையும், கடை போன் நம்பரும், வாடிக்கையாளர்களும் எனக்கு வந்துவிட்டன. கதவில் வெள்ளை எழுத்தில் இருக்கிற லைசென்ஸ் எண் மட்டும் என் முன்னாள் புருஷன் வெர்லனுடையது. அதை நீதிபதியாலும் எடுத்துக் கொடுக்க முடியாது. அது இல்லாமல் டெக்சஸில் நான் ஒருத்தர் வீட்டு ஏசியைப் பிரித்தாலே குற்றம். எண்ணின் மேல் கொஞ்சம் அழுத்தித்தான் தேய்த்தேன். போகவில்லை. நல்ல பெயின்ட்.

மார்ச் 9

தூண்டில்களை எடுத்துப் போக வெர்லன் வந்தான். வாசலில் நின்றபடியே சொன்னான்: "மே மாசத்தோட என் லைசென்ஸை எடுத்துக்கறேன் ரெனெல். போமான்ட்ல டப் அவன் கம்பெனிக்குக் கேக்கறான்." டப் அவனுடைய பெரியப்பா மகன்.

"தாராளமா எடுத்துக்கோ. நானே பரீட்சை எழுதி எனக்குன்னு ஒண்ணு வாங்கிக்கறேன்."

"எழுதிக்கோயேன்" என்றான்.

கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். ஜூனுக்குள் வாங்கியாக வேண்டும். ஜூனில் மூடிக் கிடக்கும் ஏசி கடையை ஜூலையில் யாரும் தேடி வரமாட்டார்கள்.

மார்ச் 16

பரீட்சைக்குப் பயமில்லை. அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. லைசென்ஸ் உள்ளவரின் மேற்பார்வையில் நான்கு வருடம் வேலை பார்த்தேன் என்று அவரே கையெழுத்துப் போட வேண்டும். அவர் என்றால் வேறு யார்? வெர்லன்தான். தாளை அனுப்பினேன். கையெழுத்தே இல்லாமல் திருப்பி அனுப்பிவிட்டான்.

பதினோரு வருஷம்! ஆகஸ்ட் மாசம், ஏசி மெஷின் இருக்கற கூரைப் பரண்ல வெந்தது யாரு? சூடு தடுக்க அங்க பரப்பியிருக்கற கண்ணாடிப் பஞ்சு உடம்பெல்லாம் அரிச்சு, சொறிஞ்சிக்கிட்டுக் கெடந்தது யாரு? ஊரில் எல்லாரிடமும் "ரெனெல் ஆபீஸ் பாத்துக்கறா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். இப்போது அரசாங்கத்திடமும் அதையே சொல்லப் பார்க்கிறான்.

மார்ச் 17

சர்ச்சுக்குப் போகவில்லை. போனால் அவனுக்காகவும் ஜெபிக்கச் சொல்வார்கள்.

மார்ச் 23

பொறுக்க முடியாமல் ஏரிக்கரையில் அவன் இருக்கும் டிரெய்லர் வீட்டுக்கே போய்க் கத்தினேன். முழுவதும் கேட்டுக்கொண்டான். பிறகு தாளை விரித்து ஒரு வரியில் விரலை வைத்தான்.

"'என் மேற்பார்வையில்'னு போட்டிருக்கு. நான் எப்ப பார்த்தேன்? நீ பரண்ல கெடந்தப்ப நான் இதே ஏரியில மீன் புடிச்சிட்டிருந்தேன்."

"சந்தேகம் வந்தப்பல்லாம் உனக்கு போன் போட்டேனே!"

"எடுத்தேனா?"

எடுத்ததில்லை. ஒரு தடவைகூட.

"வேலை பூரா நீதான் பார்த்தே. எவன் வந்து கேட்டாலும் சொல்றேன். ஆனா மேற்பார்வை பார்த்தேன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

பதினோரு வருடமாக எட்டிப் பார்க்காத யோக்கியம் இன்றைக்கு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. வண்டியில் ஏறியதும் அழுகை வந்துவிட்டது. அவன் மறுத்ததற்காக மட்டும் இல்லை. "வேலை பூரா நீதான்" என்று அவன் வாயால் கேட்பதற்கு விவாகரத்து வரை போக வேண்டியிருந்ததே!

ஏப்ரல் 2

வெர்லன் போன் செய்தான். "டப்கிட்ட வரலைன்னு சொல்லிட்டேன். லைசென்ஸ் உன் கடையிலயே இருக்கட்டும். பொய்க் கையெழுத்து எனக்கு ஆகாது. ஆனா நாலு வருஷம் நெசமாவே கூட நின்னு பார்த்தா, அப்புறம் போடலாம்ல? சம்பளம் மட்டும் குடுத்துடு."

நாலு வருஷம்! புருஷனாக இருந்தபோது நாலு நாள் வராதவன். முடியாது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஜூன் நினைவுக்கு வந்தது. சரி என்றேன்.

எனக்காகச் செய்கிறானா, தன் மனசாட்சிக்காகவா? கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

ஜூன் 11

வாடிக்கையாளர் திருமதி ஓடம் வீடு. நான் பரணில். ஏணிக்கு அடியில் மடக்கு நாற்காலி போட்டு, ஐஸ் டீயும் கையுமாக வெர்லன்.

"உங்க ரெண்டு பேருக்கும் டைவர்ஸ் ஆயிடுச்சுன்னு சொன்னாங்களே?" என்று அந்த அம்மா கேட்பது மேலே எனக்குக் கேட்டது.

"ஆயிடுச்சுங்க. அதுக்கப்புறம்தான் சேர்ந்தே இருக்கோம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் வந்தது.

ஆகஸ்ட் 20

"ரெனெல், கீழ சீலிங்ல ஈரம் வட்டமாத் தெரியுது, பாரு" என்று கத்தினான். பார்த்தால், தண்ணீர் வடிகிற குழாயை நான் சரிவே இல்லாமல் போட்டிருக்கிறேன். பரணுக்குள் இருப்பவளுக்கு அது தெரியாது. கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்.

அவசரத்தில் இப்படி எத்தனை வீட்டில் போட்டுவிட்டு வந்திருப்பேன்? மேற்பார்வை என்பதைச் சும்மா ஒப்புக்கு எழுதி வைத்திருக்கிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவனுக்கு நன்றி சொல்லவில்லை. இன்னொரு டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 20, 2021

பனிப்புயலில் நின்றுபோன மின்சாரம் திரும்ப வந்தும் ஊரில் பாதி ஹீட்டர்கள் எழவில்லை. நான் ஒருத்தியே ஏறி ஏறிக் களைத்துவிட்டேன். வலிக்கிற முழங்காலை வைத்துக்கொண்டு அவனும் பரண் ஏறினான். கீழே நின்று நான் பார்த்துக்கொண்டேன்.

ஏப்ரல் 5, 2023

கையெழுத்துப் போட்டான். பேனாவை மூடிவிட்டு, "இப்ப நெசம்" என்றான்.

ஜூன் 14

பரீட்சையில் தேறி, என் பேரில் லைசென்ஸ் வந்துவிட்டது. வண்டிக் கதவிலிருந்து பழைய எண்ணை வெர்லனே சுரண்டி எடுத்தான். நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டான்.

ஜூன் 19

என் எண்ணில் முதல் வேலை. மறுபடியும் திருமதி ஓடம் வீட்டுப் பரண்தான். காற்றாடி மோட்டாரை மாற்றினேன். வடிகுழாயின் சரிவை இரண்டு தடவை பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. ஏணிக்கு அடியில் யாரும் இல்லை.

பரணில் உட்கார்ந்தபடியே அவனுக்கு போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"என்ன ரெனெல், எது ஓடல?"

"எல்லாம் ஓடுது."

"பின்ன எதுக்குக் கூப்பிட்டே?"

"எடுக்கறியான்னு பார்த்தேன்."

தூண்டிலைச் சுற்றி இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "கீழ எறங்கி சீலிங்கை ஒரு தடவை பார்த்துடு" என்றான்.

இறங்கிப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. அதையும் அவனிடம் சொன்னேன்.