பவுல் என்று சொல்லிவிட்டேன்

இயேசு மரி சூசை துணை

அண்ணனூர்
3-2-98

அன்பு மகள் பிலோமினாவுக்கு, அப்பா ஆசீரோடு எழுதிக்கொண்டது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் தம்பியும் சுகம், டெல்லிக் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்றுதான் தினமும் பேச்சு. அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை, பூசையில் உட்கார்ந்துகொள் என்றால் கேட்காமல் முழந்தாள் போட்டுவிட்டு அப்புறம் முனகுகிறாள். தம்பிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை நிரந்தரம் ஆகிவிட்டது, அந்தக் கெத்தில் வீட்டில் ஒரு டம்ளரை நகர்த்துவதில்லை. இதெல்லாம் இருக்கட்டும், பெரிய சேதியை அடக்கிவைக்க என்னால் முடியவில்லை. முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் இரண்டாம் வாசகம் வாசித்தது யார் தெரியுமா, உன் அப்பா. ஆமாம், இந்தத் திக்குவாயன்தான்.

பேனாவுக்குத் திக்குவாய் கிடையாது, அதனால்தான் உனக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறேன். வாயைத் திறந்தால் என் சங்கதி உனக்குத் தெரியும். சென்ட்ரலில் டிக்கெட் எடுக்க நின்றால் அண்ணனூர் என்பதில் வரும் 'அ' தொண்டையை விட்டு வராது, 'திரு' மட்டும் வழுக்கிக்கொண்டு வரும் என்று நம் ஊரைத் தாண்டியிருக்கிற திருவள்ளூருக்கு டிக்கெட் எடுத்து அண்ணனூரில் இறங்கியவன் நான். வராத சொல்லுக்கு வேறு சொல் போட்டே ஐம்பத்துநாலு வருஷத்தை ஓட்டியாயிற்று. ஆனால் கோவிலில் ஒருநாளாவது வாசிக்க வேண்டும் என்ற ஆசை கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்கு உண்டு. திக்கல் போகட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன், அலை ஓய்ந்து கடல் குளிக்க நினைத்தவன் கதைதான். போன வருஷம்தான் உறைத்தது, திக்கல் போகாது, அதற்கு முன்னால் நான்தான் போய்ச் சேருவேன் என்று.

அக்டோபர் மாசம் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன், கேட்டு முடிக்கவே ஐந்து நிமிஷம் ஆனது, அவர் பொறுமையாகக் கேட்டுப் பிப்ரவரி முதல் ஞாயிறு வாசியுங்கள் என்றார். அன்றிலிருந்து ரயில் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கவில்லை. ஆவடியில் வேலை விட்டதும் தினமும் கவுண்டரில் நின்று வாயால் அண்ணனூர் என்று கேட்டே டிக்கெட் வாங்கினேன். பின்னால் வரிசை முணுமுணுக்கும், காது சுடும், சட்டை நனையும், ஒருநாள் வண்டியே போய்விட்டது. முதல் வாரம் அழுகையே வந்தது என்று உன்னிடம் சொல்வதற்கென்ன. டிசம்பரிலும் காது அதே மாதிரிதான் சுட்டது, ஆனால் சுட்டால் சுடட்டும் என்று நின்று பழகிவிட்டது. என்னோடு ஒரே செக்‌ஷனில் வேலை செய்கிற தசரதன், நீ கோவிலில் படித்தால் காலைப் பூசை சாயந்திரம்தான் முடியும் என்று கேலி செய்தான்.

மின்சார ரயில் நிறுத்துகிற கார் ஷெட் மதில் ஓரமாக விடியற்காலையில் நடந்துகொண்டே நம் வீட்டுப் பழைய புத்தகத்தை வைத்து வாசித்துப் பழகினேன். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதியதில் அன்பைப் பற்றிய அந்த நீள வாசகம். 'சி' எனக்கு நல்ல பிள்ளை, தொந்தரவே தராது. சனிக்கிழமை சாயந்திரம் கோவிலுக்குப் போய்ப் பார்த்தால் மேடையில் புதுப் புத்தகம் உட்கார்ந்திருக்கிறது, அந்த வாரம்தான் வந்ததாம், அதில் சின்னப்பரைக் காணோம், அவரையே பவுல் என்று போட்டிருக்கிறது. புது மொழிபெயர்ப்பில் பேரெல்லாம் மாறிவிட்டது, என் பேர்கொண்ட இராயப்பரே பேதுரு ஆகிவிட்டார். 'ப' எனக்கு ஜென்மச் சத்துரு. எனக்குக் கை கால் ஓடவில்லை. உபதேசியார் ஆரோக்கியசாமி, சின்னப்பர் என்றே வாசித்துவிடுங்கள், பாதி ஜனம் இன்னும் அப்படித்தான் சொல்கிறது, யார் கேட்கப்போகிறார்கள் என்றார். அம்மாவும் அதையேதான் சொன்னாள். நியாயமான யோசனைதான், ஆனால் இன்னொரு தடவை திருவள்ளூருக்கு டிக்கெட் எடுக்க எனக்கு மனசில்லை.

மேடை ஏறினேன். திருத்தூதர் என்பது வந்துவிட்டது. அடுத்த சொல்லில் உதடு ஒட்டிக்கொண்டது. ஃபேன் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. சின்னப்பர் நாக்கு நுனியில் தயாராக நிற்கிறார், கூப்பிட்டால் வந்துவிடுவார். முதல் பெஞ்சிலிருந்து ஆரோக்கியசாமி பவுல் என்று மெதுவாக எடுத்துக்கொடுத்தார், கையைக் காட்டி அவரை அமர்த்திவிட்டு அப்படியே நின்றேன். காது சுட்டது, சட்டை நனைந்தது, எல்லாம் எனக்குப் பழகினதுதான். அரை ஜெபமாலை நேரம் நின்றீர்கள் என்கிறாள் அம்மா, அவள் எதையும் கூட்டித்தான் சொல்வாள். பவுல் வந்தார். நாலைந்து முறை இடித்துக்கொண்டுதான் வந்தார், ஆனால் வந்துவிட்டார். அதற்கப்புறமும் பத்துப் பன்னிரண்டு இடத்தில் நின்றேன், ஒரு சொல்லையும் மாற்றவில்லை, ஒரு வரியையும் விடவில்லை. ஆண்டவரின் அருள்வாக்கு என்று முடித்ததும் ஜனங்கள் இறைவா உமக்கு நன்றி என்றார்கள் பார், ஈஸ்டருக்குக்கூட அந்தச் சத்தம் கேட்டதில்லை. ஒருவழியாக முடித்தானே என்றுதான் சொன்னார்களோ என்னவோ, நன்றி நன்றிதானே. வெளியே வந்தால் சாமி கும்பிடக்கூட நம் கோவிலுக்கு வராத தசரதன் வாசலில் நிற்கிறான், "இன்னா மாமே, கடைசி வரிக்கும் அசராம நின்னுகினு இருந்தியே" என்று கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வீடு வரைக்கும் பைத்தியக்காரன் மாதிரி சிரித்துக்கொண்டே வந்தேன்.

உன் ஆஸ்பத்திரியில் வார்டு இன்சார்ஜ் இன்டர்வியூவுக்குப் பேர் கொடுக்கவில்லை, இங்கிலீஷ் பேசும்போது வரும் நடுக்கம் தெளியட்டும் என்று எழுதியிருந்தாய். தெளியக் காத்திருக்காதே அம்மா, நான் காத்திருந்து காத்திருந்து முடி நரைத்துப்போனேன். நடுக்கத்தோடேயே போய் உட்கார், அது பாட்டுக்கு நடுங்கட்டும், நீ பாட்டுக்குப் பேசு. நாளைக்கே பேர் கொடுத்துவிட்டுப் பதில் எழுது. ஸ்வெட்டர் இல்லாமல் டூட்டிக்குப் போகாதே, வேளைக்குச் சாப்பிடு. மாதாவும் சகல அர்ச்சிஷ்டவர்களும் உனக்குத் துணையிருக்கட்டும், நீ தொட்ட காரியம் விளங்கட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. எஸ்டிடி பூத்தில் நான் எப்போதும் அம்மா கையில் ரிசீவரைக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பேன். உன் பேரும் 'பி'யில்தான் ஆரம்பிக்கிறது, பிறந்ததிலிருந்து கண்ணு கண்ணு என்று கூப்பிட்டே நான் தப்பித்துவிட்டேன், செல்லம் என்று நீ நினைத்திருப்பாய், செல்லமும்தான். வருகிற பதினைந்தாம் தேதி ஞாயிறு காலை பத்து மணிக்கு உன் விடுதி போனுக்கு நான் பேசுவேன். எடுத்ததும் சத்தம் வராவிட்டால் ராங் நம்பர் என்று வைத்துவிடாதே, அப்பா உன் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், முழுசாக வந்து சேரும்வரை காதிலேயே வைத்திரு.

இப்படிக்கு,
உன் அப்பா
அ. ராயப்பன்