நீங்கள் எஞ்சினைக் கழற்றிய மாதம்

அண்ணே,

நேற்று மாலை திருவொற்றியூரில் ஓர் எண்ணெய்க் கடை வாசலில் நின்றிருந்தேன். உள்ளே சாமி படத்துக்கு ஏற்றியிருந்த விளக்கெண்ணெய் விளக்கு காற்றில் அணைந்தது. திரியிலிருந்து எழுந்த புகை மூக்கில் ஏறியதும் சட்டென்று ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். உங்களைத் தேடித்தான். நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அது எனக்குத் தெரியும்; மூக்குக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

உங்கள் ரிமோட் காரின் புகை அப்படித்தான் இருக்கும். லேசான இனிப்பு, அதற்கடியில் கருகின எண்ணெய். கப்பலில் வந்த யாரோ ஒரு என்ஜினீயரிடமிருந்து நீங்கள் வாங்கியது அது. முழங்கை நீளம், கொழுத்த டயர்கள், டீ கிளாஸ் அளவுக்கு ஒரு டேங்க், கயிறு இழுத்துக் கிளப்பும் குட்டி எஞ்சின். "இங்கிலீஷ்ல இந்த மாதிரி வண்டிக்குப் பேரு பக்கி" என்று நீங்கள் முதல் தடவை சொன்னபோது மொத்த பிளாக்கும் சிரித்தது. "யாரப் பாத்து பக்கின்றீங்க?" என்று அண்ணி கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் லாரி நிற்கும் மைதானத்தில் அதை ஓட்டுவீர்கள். மிக்ஸியில் கல்லைப் போட்ட மாதிரி சத்தம். கன்டெய்னர் தூக்குகிற பெரிய பெரிய வண்டிகளை வாரம் முழுக்கப் பழுது பார்க்கிற மனிதர், அந்தக் குட்டி வண்டிக்கு முன்னால் மண்டியிட்டு அதன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதை மாடியிலிருந்து பார்ப்பேன்.

எதிரெதிர் வீடு நமக்கு. உங்கள் வீட்டுக்குத் தயிர் வாங்க வந்த ஒரு நாள்தான், சமையல் மேடைக்குக் கீழே அந்தக் கேனைப் பார்த்தேன். தீப்பிழம்பு படம் போட்ட வெள்ளைக் கேன். நான் பார்த்ததை நீங்கள் பார்த்தீர்கள். காலால் அதை உள்ளே தள்ளினீர்கள். அந்தக் கால் அசைவுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

அப்போது எண்ணூரில் நம் குடியிருப்புக்குள் ஒரு நாற்றம் வந்துபோய்க்கொண்டிருந்தது. மூக்குப்பொடி போல ஏறி, தொண்டையில் கரிக்கும். அரை மணி நேரத்தில் போய்விடும். அது வந்த நாளெல்லாம் என் வீட்டுக்காரருக்கு வீசிங் வரும். தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்து, வாயைத் திறந்து, கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேச முடியாது. நான் காலண்டரில் அந்தத் தேதிகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, பக்கத்தில் நேரம் எழுத ஆரம்பித்தேன். பக்கத்து ஆலைக்காரர்கள் தங்களிடம் எந்தக் கசிவும் இல்லை என்று சொல்லிவிட்டதாகக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் கூட்டத்தில் சொன்னார். "அப்போ உள்ளதான் யாரோ ஏதோ பண்றாங்க" என்றார்.

அன்றிலிருந்து உங்களைக் கவனித்தேன், அண்ணே. கதவு இடுக்கு வழியாக. நீங்கள் ஒரு டப்பாவைச் சாக்கடையில் கவிழ்த்ததைப் பார்த்தேன். பழைய பனியனில் கை துடைத்து அதைச் சுருட்டி மறைத்து எடுத்துப் போவதைப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வண்டி ஓட்டிவிட்டு வந்த அடுத்த அரை மணியில் அந்த நாற்றம் வந்தது. போதாதா? மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் செயலாளர் வீட்டு வாசலில் நின்றேன். "எதிர் வீட்ல கேன் வச்சிருக்காங்க சார். ஏதோ கெமிக்கல். என் பேரைச் சொல்லிடாதீங்க" என்றேன்.

சொல்லவில்லை. நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து உங்கள் சமையலறைக்குள் நுழைந்தார். நான் என் வாசலில், அப்போதுதான் சத்தம் கேட்டு வந்தவள் போல நின்றேன். ஸ்டெல்லா அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றார். மேடைக்கு அடியிலிருந்து ஒவ்வொரு பாத்திரமாக வெளியே எடுத்து வைத்தார்கள். நீங்கள் கத்துவீர்கள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சார், இது விளையாட்டு வண்டிக்கு ஊத்துறது. ஸ்பிரிட்டும் வெளக்கெண்ணையும் மாதிரிதான். மோந்து பாருங்க, நீங்க சொல்ற நாத்தமா இது?" என்றீர்கள். யாரும் முகரவில்லை. "சரி. எட்த்துட்டுப் போங்க. ஒரு மாசம் டைம் குடுங்க. ஒரு சொட்டு எண்ணெ இல்லாம இந்த வண்டிய ஓட்டிக் காட்றேன்."

அன்று மாலை என் கதவு தட்டப்பட்டது. திறந்தால் நீங்கள். கையில் அந்த வண்டி.

"தங்கச்சி, நீ இன்வெர்ட்டர் கடைல வேல செய்றல்ல. சோல்டரிங் தெரியும்ல உனுக்கு? இத்த கரென்ட்டு வண்டியா மாத்தணும். எஞ்சின் வேல நான் பாத்துக்கிறேன். ஒயரு வேல நீ பாத்துக்க."

தெரிந்துதான் வந்திருக்கிறாரா? என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, வாயைப் பிடுங்கப் போகிறாரா? முடியாது என்று சொன்னால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். சரி என்றேன்.

ஒரு மாதம். வேலை முடிந்து வந்ததும் உங்கள் வீட்டுக் கூடத்தில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தோம். முதலில் நீங்கள் எஞ்சினைக் கழற்றினீர்கள். நான்கே திருகுகள். பிறகு டேங்க், புகைக்குழாய், பிரேக் தட்டு. எஞ்சினை உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை உருட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ எண்ணெய் தடவி, பால் பவுடர் டின்னுக்குள் போட்டு மூடினீர்கள். அந்த இடத்தில் மோட்டாரைப் பொருத்த, நீங்கள் வேலை பார்த்த கன்டெய்னர் யார்டிலிருந்து ஓர் அலுமினியத் துண்டைக் கொண்டுவந்து அரத்தால் ராவினீர்கள். மோட்டாரின் சின்னப் பல்சக்கரத்தையும் வண்டியின் பெரிய பல்சக்கரத்தையும் சேர்க்கும்போது நடுவில் செய்தித்தாள் துண்டு ஒன்றைக் கொடுத்து, இறுக்கி, அப்புறம் துண்டை உருவினீர்கள். "இந்தக் காயிதம் அளவுக்குத்தான் ரெண்டுக்கும் இடைவெளி இருக்கணும். ஒட்டிக்கினா தேஞ்சிடும். வெலகினா பல்லு ஒடஞ்சிடும்."

நான் மோட்டாரின் மூன்று ஒயர்களையும் வேகக் கட்டுப்பாட்டுப் பலகையோடு இணைத்தேன். பேட்டரி பிளக்கில் சிவப்பும் கறுப்பும் மாறிப்போகாமல் மூன்று தடவை சரிபார்த்தேன். நாலாவது தடவையும் பிளக்கைத் திருப்பிப் பார்த்தேன். "இன்னாத்துக்கு இத்தினி தபா பாக்குற?" என்றீர்கள். "மாத்திக் குடுத்தா எரிஞ்சிடும் அண்ணே" என்றேன். பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

ஒரு நாள் பொறுக்காமல் நானே கேட்டேன்: "யார் சொல்லியிருப்பாங்கன்னு நினைக்கிறீங்க?"

நீங்கள் கீழ் வீட்டு லாரி டிரைவரைச் சொன்னீர்கள். அவரோடு தண்ணீர் மோட்டார் விஷயத்தில் உங்களுக்குத் தகராறு. "அவந்தான். மூஞ்சப் பாத்தாலே தெரியிது" என்றீர்கள். நான் தலையைக் குனிந்து ஈயத்தை உருக்கிக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் படியில் எதிரே வந்து "இன்னாண்ணா" என்று சிரித்தபோது நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதை அப்புறம் இரண்டு தடவை பார்த்தேன். அப்போதும் சொல்லவில்லை.

வண்டி ஓடிய அன்று பாதி பிளாக் மைதானத்தில் நின்றது. நீங்கள் விசையை அழுத்தியதும் முன்சக்கரம் தூக்கி, பல்டியடித்து, மல்லாந்து விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாவது தடவை நேராகப் பாய்ந்தது, முன்னைவிட வேகம். புகை இல்லை. சத்தம் என்று பார்த்தால் ஒரு விசில் மட்டும். செயலாளர் வந்து உங்கள் தோளைத் தட்டினார். அவர் போனதும், "ஓடுது தங்கச்சி. ஆனா கிட்ட போய்க் கேக்க ஒண்ணும் இல்ல" என்றீர்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து, பொழுது விடிந்த நேரம், அந்த நாற்றம் வந்தது. இதுவரை வராத அளவுக்கு. கண்ணைத் திறக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து இறங்கி, தரையில் கை ஊன்றிவிட்டார். கதவை யாரோ உதைக்கிற சத்தம். நீங்கள்தான். நனைத்த துண்டு ஒன்றை அவர் முகத்தில் போட்டு, ஒரு கையை உங்கள் கழுத்தில் சுற்றிக்கொண்டு, படியில் இறக்கினீர்கள். இறங்கும்போதே ஒவ்வொரு கதவையும் தட்டினீர்கள். லாரி டிரைவர் கதவையும். "வெளிய வாங்க! எல்லாம் வெளிய வாங்க!" செயலாளர் வீட்டு வாசலில் மட்டும் ஒரு நொடி நின்று, "சார், மோந்து பாருங்க. இது என் வண்டியா?" என்று கேட்டுவிட்டு ஓடினீர்கள். காற்று, ஆலைகள் இருக்கிற கழிமுகத்துப் பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்தது.

கிடைத்த ஆட்டோவில் அண்ணியையும் ஏற்றிக்கொண்டு திருவொற்றியூர் போனோம். ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருக்கு மாஸ்க் போட்டார்கள். அவர் மூச்சு சீரானதும் வெளியே வந்து உங்கள் பக்கத்தில் நடைபாதையில் உட்கார்ந்தேன். நீங்கள் எனக்கு டீ வாங்கித் தந்தீர்கள். அந்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அண்ணே, செயலாளர்கிட்ட சொன்னது நான்தான். கேனைப் பாத்தேன். காலண்டர்ல தேதி குறிச்சு வச்சேன். உங்க மேலதான் சந்தேகப்பட்டேன்."

"அப்புறமும் எங்கூட குந்திக்கினு ஒரு மாசம் ஒயரு ஒட்டினியே" என்றீர்கள். எழுந்து அண்ணியிடம் போய்விட்டீர்கள்.

நான்கு மாதம் என்னோடு பேசவில்லை. லாரி டிரைவரிடம் நீங்களே போய் மன்னிப்புக் கேட்டதாக அவர் மனைவி சொன்னார். கிறிஸ்துமஸுக்கு அண்ணி மட்டும் கேக் கொண்டுவந்தார். வண்டியின் ஒயர் ஒன்று விட்டுப்போனபோது நீங்கள் அதை வண்ணாரப்பேட்டைக்கு எடுத்துப் போனீர்கள். எதிர் வீட்டில் நான் இருக்க, அவ்வளவு தூரம்.

பிறகு ஒரு நாள் வந்து வாசலிலேயே நின்று, "அந்தக் காலண்டர இன்னும் வச்சிக்கினு கீறியா?" என்றீர்கள்.

கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிவப்பு வட்டங்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தீர்கள். "இந்தத் தேதில நான் யார்டுல டூட்டி. இந்தத் தேதிலயும் டூட்டி. இந்த மூணு நாளும் வேளாங்கண்ணில இருந்தேன், வூடு பூட்டிக் கெடந்துச்சு." நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். "இத்தினி தேதி எழுதினியே, நான் வூட்ல இருந்தேனான்னு ஒரு தபா பாத்தியா?"

பார்க்கவில்லை, அண்ணே. நாற்றம் வந்த நாளை எழுதினேன். நீங்கள் இருந்த நாளை எழுதவில்லை. சந்தேகத்துக்கு அது தேவைப்படவில்லை.

"சந்தேகப்பட உனுக்கு நல்லா வருது" என்றீர்கள். "கொஞ்சம் தூரமா பாத்து சந்தேகப்படு."

அந்தக் காலண்டரை நகல் எடுத்து, ஆலைகள் மேல் எழுதிய மனுவோடு சேர்த்தோம். முதல் கையெழுத்து உங்களுடையது, இரண்டாவது என்னுடையது. செயலாளர் பதினேழாவதாகப் போட்டார். அளக்கிற இயந்திரத்தோடு ஒரு வேன் வந்து இரண்டு நாள் நம் தெருமுனையில் நின்றது. அந்த இரண்டு நாளும் காற்று சுத்தமாக இருந்தது. வேன் போன மூன்றாம் நாள் நாற்றம் திரும்ப வந்தது. அது எப்படி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. புரிகிற மாதிரியும் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு முன்போல அடிக்கடி வருவதில்லை என்பதும் உண்மை.

ஒரு தடவை கேட்டேன்: "எஞ்சினைத் திரும்ப மாட்டிடலாமா அண்ணே? நானே கழட்டித் தரேன்." "வாணாம். கேனு வூட்டுக்குள்ள வந்தா மறுபடி எவனாவது மோப்பம் புடிப்பான்" என்றீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. உங்களிடமிருந்து நான் பறித்தது அந்தச் சத்தத்தை. அது திரும்பி வரவில்லை.

யார்டில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் சரிந்ததாகச் சொன்னார்கள். டாக்டர் இருதயம் என்றார். இத்தனை வருடம் இந்தக் காற்றைக் குடித்த நெஞ்சு அது. வெறும் இருதயம்தானா என்று கேட்டேன். அவர் அடுத்த படுக்கைக்குப் போனார். அவரிடமும் ஆதாரம் இல்லை, என்னிடமும் இல்லை. வண்டி அண்ணி வீட்டு பிரிட்ஜ் மேல் இருக்கிறது. பேட்டரி உப்பிவிடாமல் இருக்க மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்து, பாதி சார்ஜில் வைத்துவிட்டு வருகிறேன். அண்ணி டீ போடுவார். உங்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

போன வாரம் மூன்றாம் மாடிக்கு ஒரு புதுக் குடும்பம் வந்தது. காத்திவாக்கத்தில் ஃபைபர் படகுகளுக்கு ரெசின் பசை பூசுகிறவராம் அந்த ஆள். மூன்றே நாளில் இரண்டு பேர் என்னிடம் வந்து, மாடியில் ஏதோ நாற்றம் வருகிறது, அவர் வீட்டில் என்ன வைத்திருக்கிறாரோ என்று காதைக் கடித்தார்கள். எனக்கும் தோன்றியது. ராத்திரிக்கு ராத்திரி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். வந்ததும் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

மாடி ஏறிப் போய் மணியடித்தேன். கதவைத் திறந்தவரிடம், "உங்க வீட்லேருந்து ஏதோ வாசனை வருதுன்னு சொல்றாங்க. எனக்கும் சந்தேகமா இருக்கு. நீங்களே சொல்லுங்க, என்ன அது?" என்றேன். அவருக்கு முகம் சுருங்கியது. பிறகு வேலைக்குப் போட்டுப் போகும் சட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார். முகர்ந்தேன். மாடியில் வருவதாகச் சொன்ன நாற்றம்தான். வீட்டில் வேறெதுவும் இல்லை என்றார்.

அவர் பேசும்போதே என் கண் சமையல் மேடைக்குக் கீழே போய்விட்டு வந்தது. அது அவருக்கும் தெரிந்திருக்கும். அவர் சொன்னது முழுக்க உண்மையா என்று இன்னும் எனக்குத் தெரியாது. ஆனால் அவரிடமே கேட்டேன், அண்ணே.