ரங்கூன் அவ்வளவு தூரமில்லை

மாண்டலே, வியாழன்

கோபித்துக்கொண்டு போனவருக்கு,

ரங்கூனில் வேலை தலைக்குமேல் கிடக்கிறது, வர முடியாது என்று எழுதியிருந்தீர்கள்.

இன்று மகாமுனி கோயிலுக்குப் போனேன். பெண்கள் புத்தரைத் தொடக்கூடாதே. என் தங்க ரேக்கைப் புத்தர்மேல் ஒட்டச் சொல்லி யாரோ ஒருவரிடம் கொடுத்துவிட்டு, எப்போதும்போல், உள்ளே நடப்பதைக் காட்டும் டிவி திரை முன்னால் உட்கார்ந்தேன். திரையில், அவருக்குப் பின்னால் ஏறியவரின் பச்சைக் கட்ட லுங்கியை மூட்டியது நான்.

"யாரடி அப்படி உத்துப் பாக்குற?" என்றாள் பூக்கடை மா த்வே.

"எங்க வீட்டுக்காரரத்தான். ரங்கூன்ல இருக்காரு."

நீங்கள் இரண்டு ரேக்கு ஒட்டினீர்கள். கல்யாணமான நாளிலிருந்து முதல் ரேக்கு என் பேருக்குத்தானே.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உங்கள் தங்கையிடம் கொடுக்கிறேன். ரங்கூன் அவள் வீட்டு மாடியில்தான் இருக்க வேண்டும்.

சாப்பாட்டு நேரத்துக்கு வாருங்கள். பயணக் களைப்பு என்று சொன்னாலும் நம்புகிறேன்.

இப்படிக்கு,
முதல் ரேக்குக்கு உரியவள்