வாட்ச் கை மாறிய படம்

என் அன்பு வாயாடிக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் எனக்கு மட்டும் சௌக்கியம் இல்லை, அதற்குக் காரணம் நீ. அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். இருக்கத்தான் வேண்டும், நான் திட்டப் போவதைத் தாங்க வேண்டுமே. போனில் பிடித்தால் மீட்டிங் என்று நழுவிவிடுவாய், அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் சினிமாவில் கன்டினியூட்டி பார்த்தவள் என்பது உனக்குத் தெரியாததா? ஒரே காட்சியை இரண்டு நாள் எடுத்தால், முதல் நாள் தம்ளரில் தண்ணீர் எவ்வளவு இருந்தது, சட்டையில் எந்தப் பட்டன் திறந்திருந்தது என்று நோட்டில் குறித்துவைத்து, மறுநாள் எல்லாம் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. நான் வேலை பார்த்த ஒரே படம் ‘கடிகாரக் கடை’. ஆறு நாள் ஓடியது. அந்தப் படத்தைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் எங்கேயும் ஒரு வரி இல்லையே என்று, போன மாதம் ஒற்றை விரலால் தட்டித் தட்டி நானே ஒரு பக்கம் எழுதினேன். நீ பத்து வருஷமாக அங்கே தன்னார்வலராகத் திருத்தம் பார்க்கிறாயே, பார்த்தால் சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். நாலாம் நாள் பக்கத்தின் தலையில் ஒரு கட்டம் முளைத்தது. இந்தப் படம் இங்கே இடம்பெறத் தகுதியுள்ளதா, இல்லையென்றால் நீக்கலாமா, ஒரு வாரத்துக்குள் கருத்துச் சொல்லுங்கள் என்று. மூன்று பேர் நீக்கச் சொன்னார்கள். ஆறு நாள் ஓடிய படத்துக்கு எதற்கு ஒரு பக்கம் என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கு என்ன, யாரோ எவரோ. நாலாவது ஆள் நீ. “எழுதியவர் என் அம்மா. அதைத் தெரிந்துகொண்டே என் கருத்தைப் படியுங்கள். வெளியார் எழுதிய ஆதாரம் ஒன்றுகூட இல்லை. நீக்கலாம்.” இதைத் தட்டும்போது உன் கை கொஞ்சமாவது கூசியதா? ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வீட்டுக்குப் போன கால்பந்து வீரனுக்கு அங்கே பக்கம் இருக்கிறது. யாருமே இறங்காத ரயில் நிலையத்துக்குப் புகைப்படத்தோடு பக்கம் இருக்கிறது. நாற்பது பேர் ஐந்து மாதம் தூக்கம் கெட்டு எடுத்த படத்துக்கு மட்டும் இடம் இல்லாமல் போய்விட்டதா?

அதே வாரம் எங்கள் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட்டின் மனைவி போன் செய்தார். கணவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவருடைய மகள் அந்தப் பக்கத்தைப் போனில் காட்டியிருக்கிறாள். “அவர் பேரை எழுத்தில பாத்து முப்பத்தெட்டு வருஷம் ஆச்சுங்க. தினமும் ஒரு தடவை திறந்து பாத்துக்கறேன்” என்றார். அது இன்னும் ஐந்து நாளில் காணாமல் போகும், என் பெண்ணே நீக்கச் சொல்லிக் கை தூக்கிவிட்டாள் என்று அவரிடம் எந்த வாயால் சொல்வேன்? போனை வைத்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நூலகத்துக்குக் கிளம்பிவிட்டேன். முழங்கால் வலியோடு உன் அப்பாவும் கூடவே வந்தார். பழைய நாளிதழ்க் கட்டுகள் கீழ்த்தளத்தில் இருக்கின்றன. படம் வந்த வருஷத்துக் கட்டில் பாதி தண்ணீர் பட்டு ஒட்டிப் போய்விட்டதாக நூலகர் சொன்னார். மூக்கில் துணி கட்டிக்கொண்டு மூன்று நாள் புரட்டினோம். முதல் நாள் கிடைத்தது படத்தின் விளம்பரம். விளம்பரம் ஆதாரமாகாது என்று உங்கள் விதியிலேயே போட்டிருக்கிறது, அதையும் படித்துத் தொலைத்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் அரைப் பத்தி விமர்சனம் ஒன்று கிடைத்தது. கிடைத்த சந்தோஷம் நாலு வரிதான் நீடித்தது. கதை பரவாயில்லை, ஒலிப்பதிவு துல்லியம் என்று ரெக்கார்டிஸ்ட்டின் பேரைச் சொல்லிப் பாராட்டிவிட்டு, கடைசியில் இப்படி எழுதியிருந்தது: “கடிகாரம் ரிப்பேர் செய்கிற கதாநாயகனின் இடது கை வாட்ச், அவர் திரும்புவதற்குள் வலது கைக்கு வந்துவிடுகிறது. இதையெல்லாம் கவனிக்க ஒரு ஆள் இருந்தாரா, இருந்தும் தூங்கினாரா?” ஒரு வார இதழில் படங்களில் வந்த பிழைகளைப் பற்றி எழுதிய கட்டுரையும் அகப்பட்டது. அதிலும் அதே வாட்ச்தான், முதல் இடத்தில்.

நான் தூங்கவில்லை. அந்தக் காட்சி எடுத்த அன்று சாப்பாட்டு இடைவேளையில் சுட்டுக்கொண்டிருந்த லைட்டின் மூடியில் பட்டு அந்த நடிகரின் இடது மணிக்கட்டு கொப்பளித்துவிட்டது, வாட்ச் கட்ட முடியவில்லை. நான் நோட்டைத் திறந்து டைரக்டரிடம் காட்டினேன். “சார், காலைல இடது கைல இருந்துச்சு. நாளைக்கு எடுத்துக்கலாம்” என்றேன். “கையை யாரும்மா பாக்கப் போறா, முகத்தைத்தானே பாப்பாங்க” என்று சொல்லி வலது கையில் கட்டவைத்து எடுத்தார். நோட்டில் தேதி போட்டு அதையும் எழுதினேன். நூலகக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து அந்த விமர்சன வரியைப் படித்தபோது காது வரை சூடாகிவிட்டது. உன் அப்பா கட்டை மெதுவாக மூடினார். “தேடினோம், கிடைக்கலைன்னு விட்டுடு. படமும் போகட்டும், இந்தப் பேச்சும் போகட்டும்” என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. என் ஒருத்தி மானத்துக்காக அந்த ஒலிப்பதிவுக்காரரின் பேரைத் தண்ணீரில் ஊறவிடுவதா? இரண்டையும் நகலெடுத்து, பக்கம் தேதி எல்லாம் குறிப்பிட்டு, நானே அங்கே போட்டேன்.

ஆறாம் நாள் நீ கருத்தை மாற்றிக்கொண்டாய். “இரண்டு ஆதாரம் கிடைத்துவிட்டது. வைத்திருக்கலாம்” என்றாய். மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள், பக்கம் தப்பியது. ரெக்கார்டிஸ்ட்டின் மனைவியிடம் சொன்னபோது, மகளைக் கூப்பிட்டு உடனே அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னார். சரி, இதோடு முடிந்ததா என்றால் இல்லை. இப்போது அந்தப் பக்கத்தில் வாட்ச் பிழைக்கென்று தனியாக ஒரு பத்தி இருக்கிறது. மணிக்கட்டு சுட்டுக்கொண்டது என்று நான் ஒரே ஒரு வரி சேர்த்தேன், பத்து நிமிஷத்தில் நீ அழித்துவிட்டாய். சொந்த அனுபவம் ஆதாரமாகாதாம், அச்சில் வந்திருக்க வேண்டுமாம். தியேட்டரில் உட்கார்ந்து பார்த்தவன் எழுதினால் ஆதாரம், பக்கத்தில் நின்று களிம்பு தடவியவள் சொன்னால் ஆதாரம் இல்லையா? இதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை. நீ விதிப்படி நடந்தாய் என்பது விளங்குகிறது. ஊராருக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று நீ வைத்துக்கொள்ளவில்லை, அதையும் கவனித்தேன். கவனிப்பதுதானே என் வேலை. அதற்காகக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

அந்த விமர்சனம் போட்ட நாளிதழ் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. நேற்றுக் காலை அவர்கள் அலுவலகத்துக்கே போய், ஞாயிறு இணைப்பைப் பார்க்கிற ஆசிரியரின் மேஜையில், பத்திரமாக வைத்திருந்த என் பழைய நோட்டை விரித்து வைத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். “முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு மறுப்புக் கொடுக்க வந்த ஆளை இப்பத்தான் பாக்கறேன், உக்காருங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அடுத்த மாதம் முழுப் பக்கம் வருகிறது, எழுதுவது அவர்கள் நிருபர், நான் இல்லை. அச்சானதும் ஒரு பிரதி உனக்கு அனுப்புகிறேன். அப்போது எந்த விதியைக் காட்டி அழிக்கிறாய் என்று பார்க்கிறேன்.

நீ நூறு வருஷம் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், நினைத்ததெல்லாம் கைகூட வேண்டும். உன் அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். தலை குளித்தால் நன்றாகத் துவட்டிவிட்டு வெளியே போ. லீவு கிடைத்ததும் தேதியைச் சொல். திட்டு இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது, அதை எதிரில் உட்காரவைத்துத்தான் திட்ட முடியும்.

என்றும் உன் மேல் பாசமும் இப்போதைக்குக் கோபமும் உள்ள,
அம்மா