மேடையில் உங்கள் பெயர்

போர்த்தோ, போர்த்துகல்
6 மே 2025

அன்புள்ள உங்களுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே சண்டை வந்துவிடுகிறது. அதனால் மெயிலில் எழுதுகிறேன். நைட் ஷிஃப்ட் முடிந்து வெறும் டீயோடு படுக்காதீர்கள்.

போட்டியில் முதல் சுற்றைத் தாண்டிவிட்டேன். வளர்ந்துவரும் பியானோ கலைஞர்களுக்கான போட்டி என்றுதான் பெயர். ஆனால் வந்திருப்பவர்கள் வாசிப்பதைக் கேட்டால், இதற்கு மேல் வளர என்ன இருக்கிறது என்று தோன்றுகிறது. கொரியாவிலிருந்து வந்த ஒரு பெண் வாசித்தபோது, அடுத்து என் முறை என்பதையே மறந்து உட்கார்ந்திருந்தேன். பொறாமைப்படக்கூடத் தோன்றவில்லை.

ஒரு வேடிக்கை. கல்யாணமான புதிதில் பாகலூர் ரோட்டு ஏஜென்ட் என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் உங்கள் பெயரைப் போட்டாரே, இங்கே அதைத்தான் சொல்லி அழைக்கிறார்கள். "மாதேஷ்" என்றதும் நான் எழுந்து மேடைக்குப் போகிறேன். வீட்டில் ஒருநாளும் நான் வாயால் சொல்லாத பெயர். "என்னங்க" என்பதே போதுமாக இருந்தது.

இனி முக்கியமான விஷயம். நாம் பிரிவதற்குப் போட்ட மனுவில் போன வாய்தாவுக்கு நீங்கள் வரவில்லை. அடுத்தது ஜூன் மாதம் என்கிறார் வக்கீல் சௌந்தரராஜன் சார். இங்கே ஓர் ஆசிரியை என்னை மாணவியாகச் சேர்த்துக்கொள்கிறேன் என்கிறார். நான் இங்கேயே தங்க நினைக்கிறேன். இந்த முறையாவது வந்து சம்மதம் சொல்லுங்கள். கோபத்தில் கேட்கவில்லை.

அனிதா

ஓசூர்
8 மே

அனிதாவுக்கு,

வாய்தாவுக்கு வரமாட்டேன். நான் குடித்தேனா, அடித்தேனா? ராத்திரியெல்லாம் வெல்டிங் லைனில் நின்றுவிட்டு வந்து பகலில் படுப்பவன், தலைமாட்டில் டக் டக் என்று கீபோர்டுக் கட்டைச் சத்தம் கேட்டால் கத்தத்தான் செய்வான். அதற்குப் பெங்களூரில் ரூம் எடுத்துப் போவதும், மனுப் போடுவதுமா? அன்றைக்கு ஏதோ வீம்பில் நானும் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான்.

இரண்டாவது சுற்று எப்போது? சும்மாதான் கேட்கிறேன்.

மாதேஷ்

போர்த்தோ
9 மே

அன்புள்ள உங்களுக்கு,

திங்கட்கிழமை. நேரலையாகக் காட்டுகிறார்கள், லிங்க் கீழே இருக்கிறது. அந்த வாரம் உங்களுக்கு செகண்ட் ஷிஃப்ட்தானே? உங்கள் சாப்பாட்டு நேரத்தில்தான் என் முறை வரும். பார்க்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

அனிதா

ஓசூர்
13 மே

அனிதா,

கேன்டீனில் பார்த்தோம். என்னோடு லைனில் நிற்கும் திம்மப்பன் போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்தான். மேடையில் "மாதேஷ்" என்றதும், "யோவ் மாதேசு, உன்னத்தான் கூப்புடறாங்க. கையக் கழுவிட்டு ஓடு" என்றான். பரிமாறிக்கொண்டிருந்த நஞ்சம்மா அக்கா, "இவன் போனா அந்தப் பொட்டிக்கு வெல்டிங் வெச்சுட்டுத்தான் வருவான்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

நீ ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

இதுவா அது? என் தூக்கம் கெடக் கூடாது என்று மூன்று வருடமும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசித்தாய். எனக்குக் கேட்டதெல்லாம் கட்டை அமுங்கும் சத்தம். அதனோடுதான் சண்டை போட்டேன். உள்ளே இது ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது. இடது கை சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. வலது கை அதைக் காதில் வாங்காததுபோல் மேலே மேலே போகிறது. கடைசியில் இரண்டும் ஒன்றாக அடங்குகின்றன. அந்த இடத்தில் திம்மப்பன் களி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான். எனக்கு இதிலெல்லாம் ஒன்றும் தெரியாது. ஆனால் அதை வாசித்தது என் வீட்டில் இருந்தவள்.

முடிந்ததும் அவன், "உம் பேருக்கு இப்படிக் கை தட்டறாங்களே, இதுல நீ என்னாய்யா பண்ண?" என்றான். விளையாட்டாகத்தான் கேட்டான்.

நீ ஃபைனலுக்குப் போனதையும் அந்த லிங்கிலேயே பார்த்தேன். அதில் என் பெயரை எடுத்துவிடச் சொல். ஜூன் வாய்தாவுக்கு வருகிறேன். நீ இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாலும் ஹெட்போனைத்தான் மாட்டுவாய். நான் வேண்டாம் என்று சொன்னாலும் மாட்டுவாய்.

மாதேஷ்

போர்த்தோ
18 மே

மாதேஷ்,

பெயர் சொல்லிக் கூப்பிட்டதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "என்னங்க" என்று எழுதப் பார்த்தேன். கேட்ட சம்மதத்தைக் கொடுத்துவிட்டவரிடம் அப்படிக் கூப்பிடும் உரிமையையும் சேர்த்து வைத்துக்கொள்வது நியாயமில்லை என்று பட்டது.

மூன்றாவது பரிசு கிடைத்தது. ஒற்றைப் பெயரை ஏற்கப் போட்டி அலுவலகத்தில் முதலில் தயங்கினார்கள். அப்பா பெயரைக் கேட்டார்கள், கோவிந்தப்பன் என்றேன். அதைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஆவலாகக் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். மேடையில் "அனிதா" என்று அழைத்தபோது, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து உட்கார்ந்தே இருந்தேன். பக்கத்திலிருந்தவர் முழங்கையால் இடித்த பிறகுதான் எழுந்தேன்.

இடது கையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த இடம் கையில் படிய எனக்கு ஒரு வருடம் ஆனது. யார் கவனிக்கப் போகிறார்கள் என்று பலமுறை சலித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, ஃபைனலுக்கு முந்தைய நாள் முழுவதும் வாசிக்காமல் ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தேன்.

ஹெட்போனைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. நீங்கள் தூங்கும் வீட்டில் என்னால் சத்தமாக வாசிக்க முடியாது. அது உங்கள் தப்பில்லை. உங்கள்மேல் எனக்கு இருந்த பிரியம் அப்படிப்பட்டது. அது இன்னும் குறையவில்லை, அதனால்தான் அந்த வீட்டுக்குத் திரும்பி வரமுடியவில்லை.

கோர்ட்டில் பார்ப்போம்.

அனிதா